கடைசி இரவில் வந்த போட்டோ: ஓர் அறுபதாம் கல்யாண ஸ்லைடுஷோவின் முழு விவரம்

அப்பாவுக்கு 2024 ஆவணியில் அறுபது நிறைந்தது. அவர் பிறந்தது 1964, குரோதி வருடம். அறுபது வருடச் சுற்று முடிந்து அதே குரோதி திரும்பி வந்த ஆவணியில், கோவில்பட்டியில் மண்டபம் பிடித்து அறுபதாம் கல்யாணம் நடத்தினோம். காலையில் ஹோமம், கலசாபிஷேகம். மாலையில் சொந்தபந்தம், அப்பாவோடு பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள் என்று எல்லாரும் உட்கார்ந்து பேச ஒரு வரவேற்பு. அந்த மாலைக்கு அப்பாவின் வாழ்க்கையைப் படமாக, பாட்டோடு, ஒன்பது நிமிடத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவானது. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கு வீடியோ எடிட்டிங் தொழில் கிடையாது. நான் கணக்கு எழுதுகிறவன். ஆனால் ஒன்றரை மாதம் இதிலேயே கிடந்தேன். ஏழெட்டு மென்பொருள்களைப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு சரியாக இருந்ததற்குக் காரணம், நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான். எத்தனை எஃபெக்ட் இருக்கிறது, எத்தனை டெம்ப்ளேட் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எல்லாம் முடித்து மூடி வைத்த பிறகு ஒரு போட்டோ வரும். நம் வீட்டு விசேஷங்களில் வந்தே தீரும். அந்தப் போட்டோவுக்கு இடம் கொடுத்தால் மற்றது குலையாமல் நிற்குமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எல்லா மென்பொருளையும் எடை போட்டேன்.

முதலில் மண்டபத்துக்குப் போனேன்

மென்பொருள் தேடும் முன்னால் மண்டபத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். இதைச் செய்யாமல் இருந்திருந்தால் பாதி வேலை வீணாகியிருக்கும். புரொஜெக்டர் இருக்கும் என்று நினைத்துப் போனால், மேடைக்கு வலப்பக்கம் எல்இடி சுவர் நின்றது. அகலம் 12 அடி, உயரம் 8 அடி. அதை ஓட்டுகிற தம்பி சொன்னார்: "அண்ணே, இது பி4 பேனல். பென் டிரைவ்ல எம்பி4 போட்டுக் கொடுத்துருங்க. நான் லேப்டாப்புல இருந்து ஓட்டிருவேன்."

பி4 என்றால் ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர். 12 அடி என்பது ஏறக்குறைய 3,658 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் அகலத்தில் சுமார் 914 புள்ளிகள், உயரத்தில் சுமார் 610. ஃபுல் எச்டி படத்தின் அகலம் 1920 புள்ளி. அவ்வளவு பெரிய சுவரில் அதன் பாதிகூட இல்லை. 4கே வீடியோ வேண்டுமா, அதற்கு விலை கொடுத்து ஒரு மென்பொருள் வாங்க வேண்டுமா என்கிற யோசனை அங்கேயே தீர்ந்தது. அந்தச் சுவர் இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தது. எழுத்து பெரிதாகவும் தடித்தும் இருக்க வேண்டும். மெல்லிய எழுத்துருவில் சிறிதாகப் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து "அம்மா" என்பது "அமமா" ஆகிவிடும். அந்தத் தம்பி பழைய விசேஷம் ஒன்றின் வீடியோவை ஓட்டிக் காட்டியபோது இதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு விஷயம் திரையின் வடிவம். 12க்கு 8 என்பது 3:2. நம் டிவி, யூடியூப் எல்லாம் 16:9. "16:9ல கொடுத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "இழுத்து ஃபுல்லா விட்ருவேண்ணே. கறுப்புப் பட்டை தெரிஞ்சா வீட்டுக்காரங்க சத்தம் போடுறாங்க" என்றார். இழுத்தால் என்ன ஆகும்? உயரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எல்லார் முகமும் நீண்டுபோகும். ஏற்கெனவே ஒல்லியான என் அப்பாவை அப்படிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் இது உறைத்தது: ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய 4×6 போட்டோவும் 3:2 தானே! ஆல்பத்தில் இருக்கும் படங்களில் முக்கால்வாசி அந்த அளவுதான். வீடியோவையே 3:2ல், அதாவது 1620×1080 என்று அமைத்துவிட்டால், கிடைமட்டமாக எடுத்த படம் ஒவ்வொன்றும் வெட்டாமல், பட்டை இல்லாமல், சுவரை நிறைத்துக்கொண்டு வரும். ஆக, மென்பொருளுக்கு முதல் நிபந்தனை கிடைத்தது. நான் சொல்கிற அளவில் வீடியோ தர வேண்டும்.

ஆல்பத்திலிருந்து கணினிக்கு

மொத்தம் 412 படங்கள் சேர்ந்தன. அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள், ஓரம் பல்பல்லாக வெட்டியவை, ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அவை நன்றாகவே இருந்தன. சிக்கல் எண்பதுகளின் வண்ணப் படங்களில். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டவைக்கும் ஆல்பங்கள் அப்போது எல்லா வீட்டிலும் உண்டு. முப்பது நாற்பது வருடத்தில் அந்தப் பசை படத்தோடு ஒன்றாகிவிட்டது. பிய்த்தால் படம் கிழியும். அத்தகையவற்றை ஆல்பத்தோடு வைத்து, நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் கைபேசியில் எடுத்தேன். தனியாக இருந்தவற்றை ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுத்தேன். 4×6 படத்துக்கு 300 டிபிஐ வைத்தாலே 1800×1200 புள்ளி கிடைக்கும், நம் திரைக்கு அது போதும். ஆனால் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நிற்கும் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டி வரும். அப்போது 600 கைகொடுக்கும்.

பட்டுத்துணி மாதிரி சொரசொரப்பான தாளில் அச்சிட்ட படங்கள் சில இருந்தன. ஸ்கேனர் விளக்கு அந்த மேடுபள்ளத்தில் பட்டுப் படம் முழுக்கப் பொரிப்பொரியாக வந்தது. அவற்றுக்கும் ஜன்னலோரக் கைபேசிதான் சரிப்பட்டது. சிவந்துபோன நிறத்தை கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் தானியங்கி வெண்மைச் சமன் கொடுத்துத் திருத்தினேன். ரொம்பவும் சுத்தமாக்கவில்லை. பழைய படத்துக்குப் பழைய நிறம் கொஞ்சம் இருக்கட்டும்.

கோப்புப் பெயரில் வருடத்தை முன்னால் வைத்தேன்: 1978_பொங்கல்_01 என்பது போல. ஸ்கேன் செய்த படத்துக்குள் ஸ்கேன் செய்த தேதிதான் இருக்கும். தேதிப்படி அடுக்கு என்று மென்பொருளிடம் சொன்னால் அப்பாவின் பள்ளிப்படம் பேரனின் காதுகுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்புறம், ஐபோனில் 2017க்குப் பிறகு வந்த எச்இஐசி வடிவப் படங்களைப் பல மென்பொருள்கள் திறக்காது. அவற்றை முதலிலேயே ஜேபெக் ஆக்கிவிட்டேன்.

எடை போட்ட மென்பொருள்கள்

"மூவி மேக்கர்லயே போடேன், எல்லாரும் அதுலதான போடுவாக" என்றார் சித்தப்பா. ஒரு காலத்தில் அது உண்மை. 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மீ-யோடு வந்தது மூவி மேக்கர். படத்தை இழுத்துப் போடு, பாட்டை இழுத்துப் போடு, முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரி 10 அன்று நிறுத்திவிட்டது. அதே வருடம் அதன் பெயரில் போலித் தளங்கள் கிளம்பி, வேலையை முடித்துச் சேமிக்கும் நேரத்தில் பணம் கேட்டன. பாதுகாப்பு நிறுவனமான இசெட் இதைப் பற்றி எச்சரித்தது. இன்றும் தேடினால் "மூவி மேக்கர்" என்ற பெயரில் என்னென்னவோ வருகிறது. தொடவே தொடாதீர்கள்.

கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் நிறையப் பேர் நம்பியிருந்தது ஃபோட்டோடெக்ஸ் நிறுவனத்தின் புரோஷோ. ஸ்லைடுஷோவுக்கென்றே பிறந்த மென்பொருள் அது. அந்த நிறுவனம் 2020 ஜனவரி 31ல் கடையை மூடியது. கூகுள் தன் போட்டோ மென்பொருளான பிகாசாவை 2016 மார்ச்சில் கைவிட்டது. இந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஒரு கவலை வந்தது. இந்த வகை மென்பொருள்களுக்கு ஆயுள் குறைவு. அப்பாவுக்கு எண்பதில் சதாபிஷேகம் செய்யும்போது இதையே திறந்து இருபது வருடப் படங்களைச் சேர்க்க ஆசை எனக்கு. மூடிக்கொண்டு போகும் நிறுவனத்தின் கோப்பு வடிவில் என் உழைப்பு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனையானது.

சரி, சோதனைக்கு வருவோம். எல்லா மென்பொருளுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். 20 படம், ஒரு பாட்டு, மூன்று தமிழ் வரிகள்: "கோவில்பட்டி", "பொங்கல், 1978", "ஸ்ரீவில்லிபுத்தூர்". எல்லாம் பாட்டோடு பொருந்தி உட்கார்ந்த பிறகு, மூன்றாவது இடத்தில் புதிதாக ஒரு படத்தை நுழைப்பேன். அப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பேன்.

கைபேசிச் செயலிகள் நான்கைப் பார்த்தேன். முப்பது விநாடி ஸ்டேட்டஸுக்கு அவை அருமையானவை. கடைசியில் நான் தேர்ந்தெடுத்த 118 படத்தைக் கட்டைவிரல் அகலத் திரையில் நகர்த்தி நகர்த்தி ஒன்பது நிமிட வேலை செய்வது வேறு விஷயம். ஒன்றில் மூலையில் செயலியின் பெயர் முத்திரையாக விழுந்தது. இன்னொன்றில் டெம்ப்ளேட் இத்தனை படத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்றது. மூன்றாவது, தமிழை உடைத்தது. "பொ" என்ற எழுத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நடுவில் ஒரு புள்ளிவட்டம் வந்தது. தமிழில் ஒகரக் குறி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கும். அதைச் சேர்த்து வரையத் தெரிந்த எழுத்து இயந்திரம் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். பெரிய மென்பொருள்களிலும் இந்தத் தொல்லை உண்டு. அடோபி பிரீமியர் புரோவில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய், தெற்காசிய எழுத்துகளுக்கான இயந்திரத்தைத் தேர்ந்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். எதை வாங்கும் முன்பும் "கொ, கோ, கௌ, ஸ்ரீ" நான்கையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

பவர்பாயின்ட்டை நான் லேசாக நினைத்திருந்தேன். அது தவறு. போட்டோ ஆல்பம் என்று ஒரு வசதி இருக்கிறது, நூறு படத்தைத் தேர்ந்து கொடுத்தால் நூறு ஸ்லைடு தயார். பின்னணியில் பாட்டு எல்லா ஸ்லைடுக்கும் தொடர்ந்து ஓடும். ஸ்லைடின் அளவை நாமே அமைக்கலாம், 3:2 கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. தமிழ் அழகாக வந்தது. வீடியோவாகவும் மாற்றித் தரும். பாட்டு பின்னால் சும்மா ஓடினால் போதும் என்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை, தயங்காமல் சொல்வேன். என் பரீட்சையின் கடைசிக் கேள்வியில்தான் அது தோற்றது. மூன்றாவது இடத்தில் ஒரு ஸ்லைடை நுழைத்ததும் பின்னால் உள்ள எல்லாம் ஐந்து விநாடி தள்ளிப்போனது. சரணம் தொடங்கும்போது வர வேண்டிய தாலி கட்டும் படம், சரணத்தின் இரண்டாவது அடியில் வந்தது. பாட்டின் அலைவடிவம் படங்களுக்குக் கீழே தெரிவதில்லை என்பதால், எங்கே என்ன தள்ளிப்போனது என்று ஓட்டி ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2021ல் அதை வாங்கிச் சேர்த்துக்கொண்டது. இலவசமாகவே 1080பி தருகிறது, முத்திரை இல்லை, பழக எளிது. நான் பார்த்தபோது அதில் தயாராக இருந்த வடிவங்களில் 3:2 கிடைமட்டம் இல்லை. மண்டபத்தில் 16:9 திரை இருந்திருந்தால் ஒருவேளை அங்கேயே நின்றிருப்பேன்.

டாவின்சி ரிசால்வ் பற்றி எடிட்டிங் தெரிந்த நண்பர் மிகவும் சொன்னார். இலவசப் பதிப்பிலேயே சினிமாவுக்கு நிறம் பூசுகிற அளவு வசதி. ஆனால் அதற்கு 16 ஜிபி நினைவகம் வேண்டும், நல்ல கிராபிக்ஸ் அட்டை வேண்டும். என் மடிக்கணினியில் 8 ஜிபிதான், தனி அட்டை கிடையாது. திறந்ததும் மின்விசிறி விமானம் மாதிரி சத்தம் போட்டது. மூடிவிட்டேன்.

மிஞ்சியவை கேடன்லைவ், ஷாட்கட் இரண்டும். இரண்டும் திறந்த மூலம் (நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம்), இரண்டும் இலவசம், அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே இயந்திரம். இரண்டில் எதை எடுத்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். ஷாட்கட் என் கணினியில் லேசாக ஓடியது, அதனால் அதை எடுத்தேன். வீடியோ அளவாக 1620×1080 என்று அடித்துக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. தமிழ் மூன்று வரியும் உடையாமல் வந்தன, நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த எழுத்துருவை வைத்தேன். படங்களை மொத்தமாகத் தேர்ந்து, கால அளவும் மாறும் விதமும் சொன்னால் ஸ்லைடுஷோவாகக் கோத்துத் தரும் வசதியும் உண்டு. முதல் மாதிரியை அதில்தான் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன்.

திறந்தவுடன் வெறிச்சென்று இருக்கும், அது உண்மை. பூ உதிர்கிற, இதயம் பறக்கிற டெம்ப்ளேட் எதுவும் கிடையாது. முதல் இரண்டு நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முன்னோட்டம் திக்கியது. முன்னோட்டத் தரத்தை 360பிக்கு இறக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் அதன் திட்டக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் எந்தப் படம், எத்தனை விநாடி என்று படிக்கலாம். படங்கள் என் கோப்புறையிலேயே இருக்கும். நாளைக்கு ஷாட்கட் இல்லாமல் போனாலும் என்ன செய்திருந்தேன் என்பது என்னிடம் இருக்கும்.

மூன்றாவது இடத்தில் படம் நுழைக்கும் பரீட்சை? அதற்கு மென்பொருளோடு ஒரு ஏற்பாடும் தேவைப்பட்டது. அதைப் பாட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட்டும் படமும்

மூன்று பாகமாகப் பிரித்தேன். முதல் 90 விநாடி அப்பாவின் பிள்ளைப்பருவம், 20 படம். அடுத்த 272 விநாடி வாலிபம், வேலை, கல்யாணம், 60 படம். கடைசி 170 விநாடி நாங்களும் பேரப்பிள்ளைகளும், 38 படம். மொத்தம் 532 விநாடி, 118 படம். கணக்கு எளிது. ஒரு படம் ஐந்தரை விநாடி நிற்கிறது, அடுத்த படம் அதன்மேல் ஒரு விநாடி கலந்து வருகிறது என்றால், ஒரு படத்துக்கு நிகரமாக நாலரை விநாடி. பாட்டின் நீளத்தை நாலரையால் வகுத்தால் எத்தனை படம் வேண்டும் என்று தெரிந்துவிடும். 412 படத்தில் எதைத் தள்ளுவது என்று வீட்டில் நடந்த சண்டையை இந்த வகுத்தல்தான் முடித்து வைத்தது.

எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் கொடுக்கவில்லை. தனி முகம் என்றால் நாலு விநாடி போதும். முப்பது பேர் நிற்கிற குடும்பப் படத்தில் ஒவ்வொருவரும் தன்னைத் தேடுவார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்கள். அதற்கு ஒன்பது விநாடி கொடுத்தேன். குழுப்படத்தை ஜூம் செய்து நகர்த்துவதும் வேண்டாம். தேடுகிறவர்களுக்கு இடைஞ்சல்.

முதல் பாகத்துக்குச் சினிமாப் பாட்டு போடவில்லை. 1990ல் அப்பா அம்மா கல்யாணத்தன்று டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட் ஒன்று இருந்தது. அதில் நாதஸ்வரம், நடுவில் ஆச்சி யாரையோ சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற குரல். ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர் போட்டு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். ஆரம்பத்தில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள துண்டைத் தேர்ந்து காட்டினால், அதை முன்மாதிரியாக வைத்து மற்ற இடத்து இரைச்சலை ஆடாசிட்டி குறைக்கும். கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அதிகம் கொடுத்தபோது ஆச்சி தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆச்சி பேசும் நாற்பது விநாடிக்கு அடியில் எந்த இசையும் வைக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் எதிரொலி அதிகம், இசைக்கு மேல் பேச்சு வந்தால் ஒன்றும் விளங்காது.

இரண்டாவது பாகத்துக்கு அப்பா எண்பதுகளில் விரும்பிக் கேட்ட ஒரு பாட்டு. பாட்டுச் செயலிகளில் டவுன்லோடு செய்த பாட்டை எடிட்டிங் மென்பொருளில் சேர்க்க முடியாது, அது பூட்டிய கோப்பு. வீட்டில் இருந்த சிடியிலிருந்து எடுத்தேன். நம் சினிமாப் பாட்டின் அமைப்பே ஸ்லைடுஷோவுக்கு ஏற்றது: முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, மறுபடி சரணம். பல்லவியில் கல்லூரி, முதல் இடையிசையில் வேலையில் சேர்ந்தது, முதல் சரணம் தொடங்கும் அந்த நொடியில் தாலி கட்டும் படம். ஷாட்கட்டில் எம் விசையை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். பாட்டை ஓடவிட்டு, பல்லவி முடியும் இடம், சரணம் தொடங்கும் இடம் எல்லாவற்றிலும் குறி போட்டேன். படங்கள் குறியிலிருந்து குறிவரை நிரம்பினால் போதும். உள்ளே எந்தப் படம் எத்தனை விநாடி என்பது அந்தக் கட்டத்தின் சொந்த விவகாரம். புதிதாக ஒரு படம் வந்தால் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் சுருக்கி இடம் பண்ணலாம், அடுத்த சரணம் அசையாது. நான் சொன்ன ஏற்பாடு இதுதான்.

பாட்டுரிமை பற்றிப் பலர் கேட்டார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மதச் சடங்கிலும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு போடுவதற்கு விலக்கு தருகிறது. 2023 ஜூலை 24ல் மத்திய அரசின் துறை ஓர் அறிவிப்பில் இதை மறுபடி சொன்னது. யூடியூபில் ஏற்றுவது வேறு. அங்கே தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்துவிடும், "பிரைவேட்" என்று போட்டாலும்.

முந்தின இரவு

விசேஷத்துக்கு முந்தின நாள் இரவு 9.40க்கு அத்தை கூப்பிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர், அப்பாவின் அக்கா.

"எய்யா, நாளைக்குப் போடப்போற படத்துல உங்க மாமா இருக்காகளா?"

"இருப்பாகளே அத்தை" என்று சொல்லிவிட்டேன். திறந்து பார்த்தேன். 118 படத்திலும் மாமா இல்லை. 412லும் தேடினேன், இல்லை. அப்போதுதான் விளங்கியது. எண்பதுகளின் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவரே அவர்தான். வீட்டில் கேமரா வைத்திருந்த ஒரே ஆள். 2009ல் தவறிவிட்டார். எல்லா விசேஷத்திலும் இருந்தார், ஒரு படத்திலும் இல்லை.

அத்தை மகள் முதலில் அனுப்பியது மாலை போட்ட சட்டத்தின் படம், கண்ணாடியில் டியூப் லைட் வெள்ளையாக விழுந்திருந்தது. "மதினி, மாமா உயிரோட சிரிச்சமாதிரி ஒண்ணு இருக்கா பாருங்க" என்றேன். இருபது நிமிடம் கழித்து ஒன்று வந்தது. 1986, அப்பா பஞ்சாலையில் சேர்ந்த நாள், பேருந்து நிலையம். அப்பா புதுச்சட்டையில் விறைப்பாக நிற்கிறார். பக்கத்தில் மாமா, வாய்விட்டுச் சிரித்தபடி. அவர் தோளில் கேமராவின் தோலுறை மட்டும் தொங்குகிறது, மூடி திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல். யாரோ ஒருவர் அவர் கையிலிருந்து கேமராவை வாங்கி, "நீங்களும் நில்லுங்க" என்று சொல்லி எடுத்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். மறுபடி டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். முழு அளவில் வந்தது.

அதற்கு எட்டு விநாடி கொடுக்க நினைத்தேன். கலந்து வரும் ஒரு விநாடி போக ஏழு விநாடி வேண்டும். பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் நடுவே இருந்த 14 படங்களிலிருந்து ஆளுக்கு அரை விநாடி எடுத்தேன். குறிகள் நின்ற இடத்தில் நின்றன. தாலி கட்டும் படம் சரணத்தின் முதல் எழுத்தோடு வந்தது, முன்பு போலவே. மாமா படத்தின் கீழே ஒரு வரி போட்டேன்: "இந்தப் படங்களை எடுத்தவர்."

நுழைத்துச் சரிபார்க்க முக்கால் மணி நேரம். வீடியோவாக மாற்ற 14 நிமிடம். எச்.264 என்கிற சுருக்கும் முறை, விநாடிக்கு 10 மெகாபிட், கோப்பு 665 எம்பி வந்தது. 4 ஜிபிக்குக் கீழ் உள்ள ஒரு கோப்பை எந்தப் பென் டிரைவும் மறுக்காது. இரண்டு பென் டிரைவில் போட்டு, நடு இரவில் வீட்டு டிவியில் சத்தத்தைக் குறைத்து ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். அம்மா எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மாலை

சுவரில் முகங்கள் நீளாமல், பட்டை இல்லாமல் வந்தன. ஆச்சி குரல் கேட்டதும் பின்வரிசைவரை அமைதியானது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, மாமா படம் வந்த எட்டு விநாடி. பஞ்சாலைக்காரர்களில் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தானாம். அத்தை திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேடையில் இருந்து இறங்கி வந்து அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்சப் பாட்டு முடியும்வரை அங்கேதான் இருந்தார்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு வீடியோவை டிரைவ் இணைப்பாக அனுப்பினேன். திட்டக் கோப்பு, படங்கள், பாட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து இரண்டு வன்தட்டுகளில் போட்டிருக்கிறேன். படங்களை இடம் மாற்றினால் ஷாட்கட் அவற்றைக் காணோம் என்று சொல்லும், அதனால் அந்தக் கோப்புறையைப் பிரிப்பதில்லை.

அத்தைக்கு வீடியோவின் பென் டிரைவ் ஒன்று கொடுத்தேன். வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "இதை எங்க போட்டுப் பாக்க, அந்த ஒரு படத்தை எடுத்துக் குடுய்யா" என்றார். 8×12 அளவில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை போட்ட சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.